எர்ணாவூரில் யாருக்கும் பசிக்காது

உங்கள் மேலாளர் போனில் கூப்பிட்டு, "டீச்சர், புதுசா நாலு ட்ரெய்னர் சேர்ந்திருக்காங்க. வந்து கொஞ்ச நேரம் மோட்டிவேஷனா ஏதாவது பேசுங்க" என்றார். மோட்டிவேஷன் எனக்கு வராது. திருவொற்றியூரிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ மாட்டிக்கொண்டால் கையிருப்பில் இருக்கிற மோட்டிவேஷனும் போய்விடும். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் மிச்சம் இருப்பது முட்டிவலியும் சில கதைகளும்தான். முட்டிவலியை வீட்டில் வைத்துவிட்டு வர வழியில்லை. கதைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

உள்ளே வந்ததும் உங்களைப் பார்த்து "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன். நால்வரும் ஒரே குரலில் "ஆச்சு டீச்சர்" என்றீர்கள். சந்தோஷம். அதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடி கேட்பேன்.

நீங்கள் நடத்தப்போகும் ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்தில் பசியைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். என்ன சிரிப்போ. படத்துக்குக் கீழே வாக்கியங்கள். கொஞ்சமாகப் பசித்தால் 'எ பிட் பெக்கிஷ்'. சாதாரணமாகப் பசித்தால் 'ஹங்க்ரி'. நன்றாகப் பசித்தால் 'ஸ்டார்விங்'. அதற்கும் மேலே போனால் 'ஃபேமிஷ்ட்'. எல்லாம் தாண்டிப்போனால் 'ஐ குட் ஈட் எ ஹார்ஸ்', அதாவது ஒரு முழுக் குதிரையையே தின்றுவிடுவேன். தின்று முடித்தால் 'ஐ ஆம் ஸ்டஃப்ட்', இனி இடமில்லை. வெள்ளைக்காரன் பசிக்குப் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறான்.

நம்மிடம் மட்டும் குறைவா? வயிறு கபகபவென்று எரிகிறது என்போம், பசி காதை அடைக்கிறது என்போம், கண்ணை இருட்டுகிறது என்போம், பசியில் உயிர் போகிறது என்போம். ஆனால் இதையெல்லாம் எங்கே சொல்வோம்? வீட்டுக்குள்ளே. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, அதுவும் உரிமையோடு கத்துவோம். தெருவில் இறங்கிவிட்டால் யாருக்கும் பசிக்காது. இங்கிலீஷ்காரன் பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஆளிடம் 'ஐ ஆம் ஸ்டார்விங்' என்பான். அந்த ஆளும் 'மீ டூ' என்பான். இரண்டு பேரும் அவரவர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். இந்த வித்தியாசத்தைப் புத்தகம் எழுதியவர் எங்கேயும் குறிப்பிடவில்லை. எனக்கும் முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடவில்லை, அனுபவித்துத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் வந்த பிரிவில் எல்லோரும் பெண்கள். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்தும் எண்ணூர்க் குப்பங்களிலிருந்தும் சிலர், தண்டையார்பேட்டையிலிருந்து ஒருத்தி. வள்ளூர்ப் பக்கம் வெளிநாட்டு இன்ஜினியர்களும் கப்பல் அதிகாரிகளும் வந்து தங்க ஒரு விருந்தினர் விடுதி திறக்கப் போகிறார்கள், அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாற ஆள் வேண்டும், ஓரளவு இங்கிலீஷ் பேசத் தெரியணும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் பயிற்சி.

பசிப் பாடம் வந்த அன்று நான் வழக்கம்போல நடித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுருக்கி, 'ஓ, ஐ ஆம் ஸ்டார்விங்' என்றேன். நன்றாகவே நடித்திருக்க வேண்டும். தண்டையார்பேட்டை நூர்ஜஹான், வகுப்பிலேயே பெரிய வாய் அவளுக்கு, பையைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"இன்னா டீச்சர், காலீல துன்னாமயே வந்துட்டியா? மொதல்லயே சொல்ல வேணாமா?"

"எனக்குப் பசிக்கலம்மா. நடிச்சுக் காட்டினேன்."

"பசிக்காதவங்க எதுக்கு வயித்தப் புட்சிக்கினு நிக்கணும்? துன்னு டீச்சர். சேமியாதான்."

அர்த்தம் புரியாமல் செய்தாளா என்றால் இல்லை. ஸ்டார்விங் என்றால் என்ன என்று அவளைக் கேட்டேன். டாண் என்று சொன்னாள். புரிந்ததுதான் பிரச்சினை. ஒருத்தர் பசி என்று சொல்லிக் காதில் விழுந்த பிறகு சும்மா உட்கார்ந்திருப்பது அவர்களால் ஆகாத காரியம். எந்த மொழியில் சொன்னால் என்ன. அந்தப் பாடம் முடிவதற்குள் நான் சேமியா, சுண்டல், யார் வீட்டிலோ செய்த பணியாரம் என்று சாப்பிட்டு ஒரு சுற்று பருத்தேன்.

சரி, நான் நடித்தால்தானே வம்பு, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டேன். அது அதற்கு மேல். ஒருத்தியும் 'ஐ ஆம் ஹங்க்ரி' என்று சொல்ல மாட்டாள். சொன்னால் பக்கத்தில் இருப்பவள் டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கும், அவளைச் சங்கடப்படுத்தலாமா? அதனால் பசியை எல்லாம் தூக்கி வேறு யார் தலையிலாவது வைத்தார்கள். 'மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்டார்விங்.' 'மை பிரதர் இஸ் எ பிட் பெக்கிஷ்.' நூர்ஜஹான் எழுந்து, 'மை மதர் இன் லா குட் ஈட் எ ஹார்ஸ்' என்றாள்.

"உன்னைப் பத்திச் சொல்லும்மா. ஐ குட் ஈட் எ ஹார்ஸ்."

"நான் எங்க டீச்சர் துன்னேன்? அந்தம்மா மெய்யாலுமே துன்னும்."

இந்தக் கூட்டத்தில் அஞ்சலை என்று ஒருத்தி. உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதே அவளுக்காகத்தான். எண்ணூர்க் குப்பத்துக்காரி. கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் இறங்கி மீன் குறைந்த பிறகு புருஷன் சரியாகத் தொழிலுக்குப் போகவில்லை. இவள் காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்தாள். விடிவதற்கு முன்னால் போய் ஐஸ் தண்ணீரில் கையை விட்டால் மதியம் வரைக்கும் அதிலேயே கை கிடக்கும். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருக்கும். பேனா பிடிக்கும்போது முகத்தைச் சுளிப்பாள், ஆனால் ஒரு வகுப்பும் தவறவிட்டதில்லை. கடைசி வரிசையில் உட்காருவாள். வாயைத் திறக்க மாட்டாள்.

அந்த விடுதி வேலைக்கு வயது வரம்பு வைத்திருந்தார்கள். மற்ற பெண்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. அஞ்சலை மட்டும் விளிம்பில் நின்றாள். இந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் அடுத்த பரீட்சைக்கு அவளுக்கு வயது தாண்டிவிடும். திரும்ப ஐஸ் தண்ணீர்தான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

தினமும் வகுப்புக்கு வந்ததும் அவளிடம் கேட்பேன். "சாப்ட்டியா அஞ்சலை?"

"ஆச்சு டீச்சர்."

காசிமேட்டிலிருந்து நேராக வருகிறாள், எப்போது ஆச்சு, எங்கே ஆச்சு என்று நான் கேட்டதில்லை. இங்கிலீஷில் 'ஹவ் ஆர் யூ' என்றால் 'ஃபைன்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம் அல்லவா, காய்ச்சல் அடித்தாலும். அது மாதிரித்தான் இதுவும். கேட்பது மரியாதை, ஆச்சு என்பது பதில் மரியாதை.

இந்த இடத்தில் எனக்கு முன்னால் இங்கே இருந்த சீனியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கப்பலில் ரேடியோ அறையில் வேலை பார்த்துவிட்டு வந்த மனுஷர், வெற்றிலைப் பிரியர். எனக்குப் பாடம் நடத்த அவர் எதுவும் சொல்லித் தந்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "எக்ஸாம் ரூம்ல நீ செய்யக்கூடிய ஒரே ஒத்தாசை வாயை மூடிக்கிட்டு இருக்கிறது. அவங்க தப்பா பேசினா அது அவங்க பேச்சு. நீ சரி பண்ணினா அது உன் பேச்சு. அதுக்கு யாரும் வேலை குடுக்க மாட்டான்." வாயில் வெற்றிலை இருந்ததால் அவருக்கு வாயை மூடுவது சுலபம், நமக்கு அப்படியா என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

பரீட்சை நாள் வந்தது. விடுதியை நடத்தப்போகும் நிறுவனம் ஒரு வெள்ளைக்காரரை அனுப்பியிருந்தது. பல வருஷம் கப்பல் சமையலறைகளில் வேலை பார்த்தவராம். உயரமான ஆள், நரைத்த புருவம். காலையில் வர வேண்டியவர், லாரி நெரிசலில் எண்ணூர் விரைவுச் சாலையிலேயே மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்து சேர்ந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் இங்கிலீஷில், முதலில் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் வேண்டாம், ஏற்கனவே தாமதம், நான் நன்றாகவே இருக்கிறேன் என்றார். சரி என்று நானும் விட்டுவிட்டேன். எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே.

வராண்டாவில் டப்பாவைத் திறக்காமல் காத்திருந்த பெண்கள் என்னை வளைத்துக்கொண்டார்கள்.

"டீச்சர், அந்த மனுசன் துன்னாரா?" நூர்ஜஹான் கேட்டாள்.

"கேட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டார்."

"வேணாம்னா வுட்டுடறதா? நல்லா கீதே. நம்ம வூட்டுக்கு வந்தவங்க எட்த்ததும் எஸ்ஸுனா சொல்லுவாங்க?"

"நூர்ஜஹான், இது வீடு இல்ல. பரீட்சை." எல்லோரையும் நிற்க வைத்து மறுபடி ஒருமுறை சொன்னேன். உள்ளே போனதும் அவர் 'ஐ ஆம் ஸ்டார்விங்' என்பார். எல்லோருக்கும் அதே வாக்கியம்தான், அவர் கையில் இருக்கும் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், என்ன பிடிக்கும் என்று கேட்க வேண்டும், அப்படியே பேச்சை வளர்க்க வேண்டும். எல்லாம் வாயால் மட்டும். நாற்காலியை விட்டு எழுந்தால் தேறினதாகக் கணக்கில்லை, இது அவர்கள் விதி. டிபன் டப்பாவை ஒருத்தியும் தொடக் கூடாது.

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் பெண்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

முதலில் போனது நூர்ஜஹான். நான் அறை வாசலில் நின்றேன். தேர்வாளர் தாளைப் பார்த்தபடி, "மை குட்னஸ், ஐ ஆம் ஸ்டார்விங்" என்றார். எங்கள் பயிற்சியில் நாங்கள் சொல்வது மாதிரி இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

நூர்ஜஹான் பிரமாதமாகத் தொடங்கினாள். ஓ டியர், சாப்பிட ஏதாவது கொண்டுவரட்டுமா சார் என்று இங்கிலீஷில் கேட்டாள். உச்சரிப்பு சுத்தம். எனக்குள் பெருமை பொங்கியது.

"எஸ் ப்ளீஸ். தட் வுட் பி லவ்லி" என்றார் அவர்.

நூர்ஜஹான் எழுந்துவிட்டாள்.

நேராக வாசலுக்கு வந்தாள். நான் குறுக்கே நின்றேன். "உக்காருடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"அவுரு எஸ்ஸுனு சொல்லிட்டாரு டீச்சர்" என்றாள்.

பிள்ளைகளே, நம் தொழிலில் யோசிக்க நேரம் கிடைக்காத கட்டங்கள் சில வரும். அது அப்படி ஒன்று. அவளைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கலாம். அல்லது தேர்வாளரிடம் போய், சார், இது எங்கள் ஊர் வழக்கம், தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நானே நீட்டி முழக்கியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சீனியரின் வெற்றிலை வாய் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு விலகி வழி விட்டேன்.

தக்காளி சாதமும் அவித்த முட்டையும் மேஜைக்கு வந்தன. அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு கரண்டியை எடுத்தார். சாப்பிடச் சாப்பிட முகத்தில் ரத்தம் ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். மீதிக் கேள்விகளை முட்டையோடு சேர்த்து மென்றுகொண்டே கேட்டு முடித்தார்.

வராண்டாவில் செய்தி பரவிவிட்டது. நூர்ஜஹான் போட்டாள், நான் போடாவிட்டால் என்ன நினைப்பார் என்று ஒவ்வொருத்திக்கும் ஆகிவிட்டது. அடுத்தவள் உள்ளே போகும்போதே டப்பாவைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு போனாள். அது நாற்காலியில் சரியாக உட்கார விடாததால் அவளும் எழுந்துதான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அவருக்கோ வேறு வழியில்லை. எல்லோருக்கும் ஒரே வாக்கியம் என்பது விதி. ஒவ்வொருத்தி வந்து உட்காரும்போதும் 'ஐ ஆம் ஸ்டார்விங்' என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் சோறு வருகிறது. எலுமிச்சை சாதம் வந்தது. நெத்திலி வறுவல் வந்தது. கருவாட்டுத் தொக்கு வந்தபோது நெற்றி வியர்த்துக் கைக்குட்டையைத் தேடினார், ஆனால் தொக்கு முழுவதையும் துடைத்து எடுத்தார். நேரம் போகப்போக அந்த வாக்கியம் இளைத்துக்கொண்டே வந்தது. எர்ணாவூர்க் கஸ்தூரி முறை வந்தபோது, கெஞ்சுகிற குரலில்தான் 'ஸ்டார்விங்' என்றார். அவள் புளிசாதத்தையும் அப்பளத்தையும் வைத்துவிட்டு, அவர் ஒரு வாய் எடுக்கும் வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வாய்க்கு மேல் அவரால் முடியவில்லை.

சிரிப்பை அடக்கிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தேன். அங்கே அஞ்சலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். அவள் மட்டும்தான் பாக்கி.

"நான் போறேன் டீச்சர்."

"எங்க போற?"

"வூட்டுக்கு."

"என்ன ஆச்சு?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஷெட்டு வேலைய பாதில வுட்டுட்டு நேரா வந்தேன். கையில ஒண்ணும் கெடயாது. அல்லாரும் குட்த்தாங்க. அந்த மனுசன் என்னாண்ட வந்து பசிக்குதுனு சொல்லுவாரு. வெறுங்கையோட எப்டி டீச்சர் எதுருல குந்துறது?"

இவள் வாழ்க்கையே இந்த அறைக்குள் போய் வருவதில் இருக்கிறது, இவள் சோறு இல்லை என்று திரும்பிப் போகிறாள். கோபம் வந்தது. எதன்மேல் என்றுதான் தெரியவில்லை. கீழே மெஸ்ஸில் ஏதாவது வாங்கி அவள் கையில் கொடுத்து அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது. நம் வேலை அதுவா?

"அஞ்சலை, அந்த மனுஷன் வயித்துல இப்ப ஒரு பருக்கைக்குக்கூட இடமில்ல. நீ கொண்டுபோனாத்தான் அவருக்குக் கஷ்டம். பையக் கழட்டி வெச்சுட்டு உள்ள போ."

"மெய்யாலுமா?"

"நூர்ஜஹானைக் கேளு."

"பெல்ட்ட லூஸ் பண்ணிக்கினாருடி, நான் பாத்தேன்" என்றாள் நூர்ஜஹான்.

அஞ்சலை உள்ளே போய் உட்கார்ந்தாள். உரிந்த விரல்களை மடிக்குள் மறைத்துக்கொண்டாள். தேர்வாளர் மூச்சை இழுத்து விட்டு, கடைசி முறையாக அந்தத் தாளைப் பார்த்து, "ஐ ஆம் ஸ்டார்விங்" என்றார்.

அஞ்சலை அவரைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த காலி டப்பாக்களைப் பார்த்தாள்.

"நோ சார்" என்றாள்.

அவர் புருவத்தைத் தூக்கினார்.

"யூ ஆர் நாட் ஸ்டார்விங், சார். யூ ஏட் டொமேட்டோ ரைஸ். யூ ஏட் எக். யூ ஏட் லெமன் ரைஸ். யூ ஏட் கருவாடு." கருவாட்டுக்கு இங்கிலீஷ் கிடைக்காமல் ஒரு நொடி தடுமாறினாள், அப்படியே விட்டுவிட்டாள். "ஐ வாஸ் அவுட்சைட். ஐ சா எவ்ரிதிங்."

மாதக்கணக்கில் நான் கரடியாகக் கத்தியும் வராத இறந்தகாலம், கொட்டு கொட்டென்று கொட்டியது. தேர்வாளர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பெல்ட் தளர்ந்திருந்ததால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். நீ சொல்வது சரி, ஐ ஆம் ஸ்டஃப்ட் என்றார். சிரித்து ஓய்ந்ததும், தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அண்ட் யூ? ஹாவ் யூ ஈட்டன்?"

சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டார். அவள் உதடு 'எஸ் சார்' என்று சொல்லக் குவிந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். ஆச்சு என்று சொல்லியே பழகின வாய். என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லேன் என்று நான் கண்ணால் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை, கல் மாதிரி நின்றேன்.

"நோ சார்" என்றாள். "ஐ ஆம் ஹங்க்ரி. ஃப்ரம் மார்னிங், ஐ ஆம் ஹங்க்ரி."

அந்தப் பிரிவில் ஒருத்தியாவது தன்னைப் பற்றி அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவர் எழுந்தார். கஸ்தூரியின் புளிசாத டப்பா ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதை எடுத்து, சுத்தமான கரண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு கையாலும் அவள் முன்னால் வைத்தார். நொறுங்காத ஒரு அப்பளத்தை ஓரத்தில் வைத்தார். அவள் முதல் வாய் எடுக்கும் வரை அவர் உட்காரவில்லை. அதை யார் அவருக்குச் சொல்லித் தந்தார்கள்? கஸ்தூரிதான் சற்று முன்னால் அப்படி நின்றாள்.

மீதிப் பரீட்சை அவள் சாப்பிடச் சாப்பிட நடந்தது. விருந்தாளி வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார். இன்னொரு முறை கேட்பேன் என்றாள். மறுபடியும் வேண்டாம் என்றால்? கொஞ்சமாக வைப்பேன் என்றாள். காரம் தாங்காதவருக்கு? தயிர் என்றாள். அவர் அன்றைக்கு அதை முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம்.

எல்லாம் முடிந்து என்னை உள்ளே கூப்பிட்டார். முகம் சங்கடமாக இருந்தது. அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"மேடம், என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல பரீட்சை நான் நடத்தியதில்லை. ஆனால் விதி விதிதான். நாற்காலியை விட்டு எழுந்தவர்களைத் தேறியவர்களாக நான் காட்ட முடியாது. அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். கடைசியாக வந்த பெண் ஒருத்திதான் எழவில்லை."

"நீங்கதான் எழுந்தீங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"என்னைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை" என்றார். "அவள் தேறிவிட்டாள். மற்றவர்களுக்கு அடுத்த வாரம் வந்து திரும்ப நடத்துகிறேன். காலையில் சாப்பிடாமல் வருவேன்."

வராண்டாவில் போய்ச் சொன்னேன். நூர்ஜஹான் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா டீச்சர் நாயம் இது? சோறு போட்ட நாங்க ஃபெயிலு, சோறு துன்னவ பாஸா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "காத்தாலேர்ந்து துன்னலியாடி நீ? என்னாண்ட ஆச்சுன்னியே, கழ்த" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அஞ்சலை அழுதாள். அழுதபடியே என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், அந்தக் குதிரை சென்டன்ஸ சொல்லாம வுட்டுட்டேனே. மார்க் கொறைப்பாங்களா?"

அடுத்த வாரம் தேர்வாளர் சொன்னபடியே வெறும் வயிற்றோடு வந்தார். இந்த முறை ஒருத்தியும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் வருவதற்கு முன்பே எல்லா டப்பாக்களையும் அவர் மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டார்கள். எல்லோரும் தேறினார்கள். விதி போட்டவர்களுக்கு இது தோன்றியிருக்காது.

சில நாளுக்கு முன்னால் எர்ணாவூர் பஸ் ஸ்டாப்பில் அஞ்சலையைப் பார்த்தேன். விடுதிச் சீருடை, கை விரலெல்லாம் ஆறியிருந்தது. பழக்க தோஷத்தில் "சாப்ட்டியா அஞ்சலை?" என்றேன்.

"இல்ல டீச்சர், செம பசி" என்றாள்.

பட்டென்று சொல்லிவிட்டாள். நான் போக வேண்டிய பஸ் வந்தது, போனது. சும்மா ஏறிப்போக நான் என்ன வெள்ளைக்காரியா? ரெண்டு பேரும் எதிரே இருந்த கடையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அந்தப் பாடத்தை நடத்தும்போது வாக்கியங்களை வேகமாக ஒப்பிக்க வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர்கள் புருஷனையும் மாமியாரையும் இழுத்து வைத்துச் சொன்னால் காத்திருங்கள். 'ஐ' என்று ஒருத்தி தொடங்கினால் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள், முடிக்க விடுங்கள். மேஜை டிராயரில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது வைத்திருங்கள்.

சரி, காலையிலிருந்து உங்களை இங்கே உட்கார வைத்திருப்பதாக மேலாளர் சொன்னார். இந்தக் கட்டடத்தைச் சுற்றி சாப்பிட இருப்பது கீழே உள்ள அண்ணாச்சி மெஸ் ஒன்றுதான். அண்ணாச்சி வீட்டில் கல்யாணம், மெஸ் பூட்டியிருக்கிறது, படியேறும்போதே பார்த்துவிட்டேன். என் பையில் இட்லி இருக்கிறது, மிளகாய்ப் பொடி தடவினது, நிறையவே இருக்கிறது. இப்போது மறுபடி கேட்கிறேன்.

சாப்ட்டீங்களா?